நூல் தேடும் வழி காட்டிய சீர்காழி ரங்கநாதன்

சர்வகலாசாலையில் சேர்ந்திருக்கும் நம் பிள்ளைகளிடம், நூல்நிலையத்தில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். குளிர்ச்சியான இடத்தில் உட்கார்ந்து பாடக் குறிப்புகளைப் படிக்கிறோம் என்பார்கள் பலர். அங்கே அடுக்கியிருக்கும் லட்சக்கணக்கான நூல்களில் தமக்கு வேண்டிய ஒன்றை எப்படித் தேடிப் பிடிப்பது என்று தெரியாமலேயே பட்டம் பெற்று வெளியேறுவோரும் உண்டு. இந்தக் குறையைத் தீர்ப்பதற்கே தம் வாழ்நாளின் பெரும் பகுதியைச் செலவிட்ட ஒரு தமிழரின் சரிதத்தை இவ்விதழில் தருகிறோம்.

சீர்காழி இராமாமிருத ரங்கநாதன் 1892 ஆகஸ்டில் தஞ்சை ஜில்லா சீர்காழியில் பிறந்தார். சிறு பிராயத்திலேயே தந்தையை இழந்தவர். திக்குவாய் வேறு. அதை விடாமுயற்சியால் பெரும்பாலும் வென்று, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று, 1916-ல் எம்.ஏ. தேறினார். பிறகு மங்களூரிலும் கோயம்புத்தூரிலும், கடைசியாகச் சென்னை ராஜதானிக் கல்லூரியிலும் கணித ஆசிரியராயிருந்தார். பிறவி ஆசிரியர் என்று சொல்லத்தக்கவர். ஆனால் ஆசிரியர் சம்பளம் அந்நாளிலும் இந்நாளைப் போலத்தான்!

சென்னை சர்வகலாசாலை தன் நூல்நிலையத்துக்கு முதன்முதலாக ஒரு தலைவரை நியமிக்க விரும்பியபோது, நண்பர்களின் வற்புறுத்தலால் அவரும் மனுப் போட்டார். ஏறக்குறைய 900 பேர் மனுச் செய்தார்களாம். அவர்களில் எவருக்கும் அத்துறையில் பயிற்சி இல்லை. நேர்முகப் பேட்டிக்குமுன் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் நூல்நிலையம் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டுப் போனதுதான் ரங்கநாதனுக்கு இருந்த ஞானம் என்பார்கள். வேலை அவருக்கே கிடைத்தது.

1924 ஜனவரியில் பதவியேற்றார். ஏற்ற சில நாட்களுக்குள்ளேயே மனம் வெறுத்துவிட்டது. மாணாக்கர் நிறைந்த வகுப்பறையில் பழகியவருக்கு, ஆள் வராத அறையில் அலமாரிகளுடன் உட்கார்ந்திருப்பது தனிமைச் சிறையாகத் தோன்றிற்று. பழைய வேலைக்கே திரும்பிவிடுகிறேன் என்று மேலிடத்தில் போய் நின்றார். அவர்கள் ஒரு சமாதானம் செய்தார்கள். இங்கிலாந்துக்குப் போய் நூல்நிலையத் துறையைப் படித்துவிட்டு வரட்டும். அப்போதும் பிடிக்கவில்லையானால் கணித வகுப்புக்கே திரும்பலாம் என்பது ஏற்பாடு.

அந்தப் பயணந்தான் அவரை மாற்றியது. லண்டன் சர்வகலாசாலைக் கல்லூரியில் பெர்விக் சேயர்ஸ் என்ற அறிஞரிடம் பயின்றார். நூற்றுக்கு மேற்பட்ட நூல்நிலையங்களைச் சுற்றிப் பார்த்தார். தொழிலாளியும் குடும்பப் பெண்ணும் சிறுவரும் கூசாமல் உள்ளே போய்ப் புத்தகம் எடுத்துவருவதைக் கண்டார். நம் நாட்டிலோ நூல்கள் பூட்டிய அலமாரிக்குள் இருந்தன. அவற்றைக் காப்பதே கடமை என்று நினைத்தார்கள். அந்த வித்தியாசம் அவர் நெஞ்சில் தைத்துவிட்டது.

இன்னொரு விஷயமும் அங்கே அவரைத் துன்புறுத்தியது. அமெரிக்கரான மெல்வில் டூயி 1876-ல் வெளியிட்ட தசம முறைப்படி, உலக அறிவு முழுதும் பத்துப் பெரும் பிரிவுகளாகி, ஒவ்வொரு பொருளுக்கும் முன்கூட்டியே ஓர் எண் குறிக்கப்பட்டிருந்தது. புதிய பொருள் ஒன்று தோன்றினால் அதற்கு இடம் எங்கே? இரண்டு மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பேசும் நூலை எந்த எண்ணில் அடைப்பது? கணிதப் புத்தி இதை ஒப்பவில்லை. லண்டனில் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் ஒரு நாள் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். துளையிட்ட சில தகடுகளையும் திருகுகளையும் கொண்டு பாலமும் செய்யலாம், வண்டியும் செய்யலாம். நூலின் பொருளையும் இப்படிச் சிறு சிறு உறுப்புகளாகப் பிரித்து, வேண்டியபோது இணைத்துக்கொண்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. உறுப்புகளை இணைக்கும் திருகாக முக்காற்புள்ளி எனப்படும் கோலன் குறியை வைத்தார். தாயகம் திரும்பும் கப்பலில் இருந்த புத்தகங்களிலேயே இம்முறையைச் சோதித்துப் பார்த்தாராம். 1925 ஜூலையில் சென்னை வந்து சேர்ந்தவர் கணித வகுப்பின் பக்கம் திரும்பவே இல்லை.

இந்த முறை 1933-ல் கோலன் பகுப்பு முறை என்னும் நூலாக வந்தது. நூல்நிலையக்காரர்களின் உள்விவகாரம், நமக்கென்ன என்று வாசகர்கள் நினைக்க வேண்டாம். ஆராய்ச்சி செய்யும் மாணவனுக்கு இதில்தான் திறவுகோல் இருக்கிறது. எந்தப் பொருளையும் ஐந்து கோணத்தில் பார்க்கலாமென்று பின்னாளில் அவர் தெளிவுபடுத்தினார். எதைப் பற்றியது, எந்தப் பண்டத்தால் ஆனது, அங்கே நடக்கும் செயல் என்ன, எந்த இடம், எந்தக் காலம் என்பவையே அவை. ஒரு மாணவன் மலாயாவில் 1930-ஆம் ஆண்டுகளில் ரப்பர் தோட்டத் தொழிலாளர் பெற்ற கூலியைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். ரப்பர் என்ற ஒரே சொல்லைப் போட்டுத் தேடினால் மரம் வளர்ப்பதிலிருந்து டயர் செய்வதுவரை ஆயிரம் நூல் வந்து விழும். அவன் திகைத்துப் போவான். தோட்டத் தொழிலாளர், கூலி, மலாயா, 1930-கள் என்று பிரித்துக்கொண்டு சேர்த்துத் தேடினால் பத்து நூலில் வந்து நிற்பான். அந்தக் குறுகிய தலைப்பில் ஒன்றுமே அகப்படாவிட்டால் ஒரு படி மேலே ஏறி, மலாயாத் தொழிலாளர் என்றோ தோட்டப் பொருளாதாரம் என்றோ பார்க்க வேண்டும். சிறு தலைப்பிலிருந்து பெருந்தலைப்புக்குச் சங்கிலிபோல் வழி கோலும் சொல்லடைவு முறையையும் ரங்கநாதனே வகுத்தார். இன்று கணினிப் பட்டியலில் தேடும்போது இடம், ஆண்டு, பொருள் என்று ஓரத்தில் வரிசையாகக் காட்டி வடிகட்டச் சொல்கிறதல்லவா? அதன் வேர்களில் ஒன்று சென்னையில் இருக்கிறது.

1928-ல் அவர் ஐந்து விதிகளை வகுத்தார். எண்ணங்கள் பல குவிந்தும் அவற்றை ஒரு கட்டுக்குள் கொண்டுவர முடியாமல் தவித்தபோது, அவருடைய பழைய கணித ஆசான் எட்வர்ட் ராஸ், நூல்கள் பயன்படுவதற்கே என்பதுதானே உன் முதல் விதி என்று சுட்டிக்காட்ட, மற்றவை தொடர்ந்து வந்தனவாம். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும். வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது. நூல்நிலையம் வளர்ந்துகொண்டே போகும் ஓர் உயிர் என்பவை மற்ற நான்கு. 1931-ல் இவை நூலாக வெளிவந்தன. வெறுங்கையோடு திரும்பிப் போகும் வாசகனை அவர் தம்முடைய தோல்வியாகவே கருதினார். அதனால் அலமாரிகளை மாணாக்கர் தாமே அணுகும்படி திறந்துவிட்டார், நேரத்தை நீட்டினார், பக்கத்தில் இருந்து தேடித் தரவும் தேடக் கற்றுத் தரவும் ஆள் வேண்டுமென்று வாதாடினார்.

அதே 1928-ல் அவருடைய மனைவி ருக்மணி ஒரு விபத்தில் இறந்தார். மறு ஆண்டு சாரதா அம்மையாரை மணந்தார். மணம் முடிந்த அன்று பிற்பகலே நூல்நிலையத்தில் இருந்தார் என்று சொல்லுகிறார்கள். நாளொன்றுக்கு 13 மணி நேரம், வாரத்தில் ஏழு நாளும், இருபதாண்டுகள் விடுமுறையின்றி உழைத்தார். இது மெச்சத்தக்கது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். வீட்டிலிருந்த அம்மையாரையும் சேர்த்து மெச்சுவது நியாயம் என்பது நம் அபிப்பிராயம்.

1945-ல் சென்னையை விட்டு விலகிக் காசி இந்து சர்வகலாசாலைக்குப் போனார். அங்கே ஏறக்குறைய ஒரு லட்சம் நூல்களை இரண்டாண்டுகளில் தாம் ஒருவராகவே வகைப்படுத்தினார். பிறகு டில்லி சர்வகலாசாலை. 1948-ல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டத்துக்கு மூலகாரணர் அவரே. சில காலம் சூரிச் நகரில் வசித்தார். 1957-ல் பத்மஸ்ரீ பட்டம் வந்தது. சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னை சர்வகலாசாலைக்கே கொடுத்து, நூலகத் துறையில் பேராசிரியர் பதவி ஏற்பட வழி செய்தார்; அந்தப் பதவிக்கு இட்ட பெயரில் சாரதா அம்மையாரின் பெயரும் இருக்கிறது. எழுபது வயதில், 1962-ல், பெங்களூரில் ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார். 1965-ல் இந்திய அரசாங்கம் அவரைத் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியராக்கியது.

1972 செப்டம்பர் 27-ஆம் நாள் பெங்களூரில் காலமானார். ஆகஸ்ட் 12-ஐ அவர் பிறந்த நாளாகக் கொண்டு இந்தியாவில் நூலகர் தினம் கொண்டாடுகிறார்கள்.