எடின்பரோவிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு: அறிஞர் மாக்ஸ்வெல்லின் மாணவப் பருவம்

மின்சாரம், காந்தம், ஒளி ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்தைச் சார்ந்தவை என்பதைக் கணக்கின் வழியே உலகுக்கு உணர்த்திய பேரறிஞர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். வானொலியும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் அவர் வகுத்தளித்த சமன்பாடுகளின் வழித்தோன்றல்களே. அவர்தம் கண்டுபிடிப்புகளைப் பற்றி நூல்கள் பல உள. ஆயினும் பத்தொன்பதாம் வயதில் அவர் ஒரு பல்கலைக்கழகத்தைப் பட்டம் பெறாமலே விட்டு மற்றொன்றில் முதலிலிருந்து கற்கத் தொடங்கிய செய்தியை அறிந்தோர் நம்மில் சிலரே. அருகிலுள்ள கல்லூரியிலேயே பிள்ளையைத் தொடரவிடுவதா, இடம் கிடைத்தற்கரிய பெருங்கல்லூரிக்கு மாற்றுவதா என்ற பேச்சு நம் இல்லங்களிலும் எழுவதுண்டு. ஆதலின் அப்பகுதியை மட்டும் சற்று விரித்துக் காண விழைகிறோம்.

மாக்ஸ்வெல் 1831ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் பிறந்தார். தந்தையார் ஜான் வழக்கறிஞர். எனினும் வழக்காடுவதைவிடக் கிளென்லேர் என்னும் இடத்தில் தம் நிலபுலங்களைப் பேணுவதிலும் பொறிகளை ஆராய்வதிலுமே இன்பங்கண்டவர். ஜேம்ஸுக்கு எட்டு வயதானபோது அன்னையார் வயிற்றுப் புற்றுநோயால் மறைந்தார். உடன்பிறந்தார் எவரும் வாழ்ந்திலர். அன்று முதல் தந்தைக்கு மகனும் மகனுக்குத் தந்தையுமே உலகம். பின்னர் நிகழ்ந்தவற்றை உணர்வதற்கு இஃது இன்றியமையாதது.

பள்ளியில் கிராமத்து உடையும் பேச்சும் கண்டு உடன்பயின்றோர் அவரைப் பித்தன் என்று பொருள்படும் பட்டப்பெயரிட்டு அழைத்தனர். அப்பித்தனே பதினான்காம் வயதில் முட்டைவடிவ வளைவுகளை வரையும் முறைபற்றி ஒரு கட்டுரை வரைந்தார். 1846இல் பேராசிரியர் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் அதனை எடின்பரோ அரச கழகத்தின் முன் எடுத்துரைத்தார்.

1847இல் தம் பதினாறாம் வயதில் மாக்ஸ்வெல் எடின்பரோ பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். அக்காலத்து ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்கள் வாயிற்கதவை அகலத் திறந்துவைத்தவை. நுழைவுத்தேர்வு இல்லை, கட்டணமும் குறைவு, எளிய குடும்பத்துப் பிள்ளைகளும் வந்து பயின்றனர். வகுப்புகள் நவம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடிந்துவிடும். எஞ்சிய திங்களெல்லாம் விடுமுறையே. இத்தகைய இடத்தில் என்ன கற்க இயலும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் மாக்ஸ்வெல் அங்கு பெற்றவை வேறெங்கும் கிட்டியிரா என்பதே எம் கருத்து.

ஃபோர்ப்ஸ் தம் ஆய்வுக்கருவிகளை அந்த இளைஞர் விரும்பியவாறு கையாள இசைந்தார். வில்லியம் ஹாமில்டனின் தத்துவ வகுப்பு, அறிவு என்பது யாது, அதன் எல்லை யாது என்று வினவக் கற்பித்தது. நீண்ட கோடை விடுமுறைகளிலோ, கிளென்லேரில் துணி வெளுக்கும் அறையின் மேல்மாடமே அவருக்கு ஆய்வுக்கூடமாயிற்று. பழைய கதவொன்றைப் பீப்பாய்கள்மீது கிடத்தி அதனையே மேசையாக்கினார். கண்ணாடித் துண்டுகளைக் காய்ச்சி விரைந்து குளிரவைத்து, தளவிளைவுற்ற ஒளியில் அவற்றுள் தோன்றும் வண்ணக்கோலங்களை ஓவியமாகத் தீட்டினார். நிகல் பட்டகத்தைக் கண்டறிந்த வில்லியம் நிகல் என்னும் முதியவர், அக்கோலங்களைக் கண்டு மகிழ்ந்து, தம் கையால் செய்த பட்டகங்களையே அவருக்கு அளித்தார். இத்தேடல், மீட்சியுடைய திண்பொருள்களின் சமநிலை பற்றிய 1850ஆம் ஆண்டுக் கட்டுரையாக மலர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டில், உருளும் வளைவுகள் பற்றிய அவர்தம் கட்டுரையைப் பேராசிரியர் கெல்லண்டு கழகத்தின் முன் படித்திருந்தார். மேடையேறிப் பேச ஆசிரியர் இன்னும் சிறுவர் என்று அக்கழகத்தார் கருதினர்!

இதற்கிடையே நண்பர்கள் ஒவ்வொருவராக எடின்பரோவை விட்டகன்றனர். பள்ளித்தோழர் டெய்ட் ஓராண்டு மட்டும் பயின்று 1848இல் கேம்பிரிட்ஜ் சென்றார். மற்றொரு தோழர் லூயிஸ் கேம்பல் ஆக்ஸ்ஃபோர்டை அடைந்தார். மாக்ஸ்வெல் மட்டும் மூன்றாம் ஆண்டும் அங்கேயே இருந்தார். மகன் தம்மைப்போல் வழக்கறிஞராக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். கேம்பிரிட்ஜோ தொலைவு, செலவும் மிகுதி, சேர்ந்தபின் மாணவரைச் சலித்தெடுக்கும் தேர்வுகளோ அதனினும் கடுமை. மகனை அனுப்பிவிட்டால் கிளென்லேரில் தாம் தனித்திருக்க வேண்டும் என்பதும் அத்தந்தை அறியாததன்று. அவர் நெடுநாள் தயங்கினார். ஃபோர்ப்ஸ் முதலியோர் எடுத்துரைத்த பின்னரே இசைந்தார். 1850 அக்டோபரில் தாமே உடன்சென்று பீட்டர்ஹவுஸ் கல்லூரியிற் சேர்த்தார். மாணவரின் பெட்டியிற் கண்ணாடித் துண்டுகளும், காந்தமேற்றிய எஃகும், கூழ்மப் பசைத் துணுக்குகளும் இருந்தன.

மாற்றம் இனிதாகவே தொடங்கிற்று என்று கூறுதற்கில்லை. கழகத்தில் கட்டுரை ஏறிய ஒருவர், யூக்ளிடின் தொடக்கப் பாடங்களை மீண்டும் எழுத்துக்கூட்ட வேண்டியதாயிற்று. மேலும் பீட்டர்ஹவுஸ் சிறு கல்லூரி; பட்டம் பெற்றபின் கல்லூரி உறுப்பினராக அமரும் வாய்ப்பு அங்கு மிகக் குறைவு. ஆதலின் முதற்பருவம் முடிந்ததுமே, டிசம்பரில், டிரினிட்டி கல்லூரிக்கு மாறினார். ஒரே ஆண்டில் இரண்டாவது மாற்றம்!

டிரினிட்டியில் நல்ல நண்பர் வட்டம் அமைந்தது. பின்னர் வில்லியம் ஹாப்கின்ஸ் என்னும் புகழ்பெற்ற தனிப்பயிற்சியாளர் அவரை ஏற்றார். அவர் எடின்பரோவிலிருந்து கொணர்ந்த அறிவுச்செல்வம் பெரிது. ஆனால் அது அடுக்கப்படாத களஞ்சியம். அதனை ஒழுங்குறுத்தியது ஹாப்கின்ஸின் பயிற்சியே. அவ்வுழைப்புக்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. 1853ஆம் ஆண்டுக் கோடையில் தேர்வுச் சுமையால் நோயுற்று, நண்பரொருவரின் உறவினரான பாதிரியார் இல்லத்திற் பல வாரம் படுத்திருந்தார். தேர்வுக்காக இளைஞரை இவ்வாறு வருத்தும் முறையை நாம் போற்ற இயலாது.

1854 ஜனவரியில் நடைபெற்ற கணிதத் தேர்வில் அவர் இரண்டாம் ராங்லராகத் தேறினார். முதலிடம் எட்வர்ட் ரூத் என்பாருக்கு. அவர் மாக்ஸ்வெல் விட்டுச்சென்ற பீட்டர்ஹவுஸின் மாணவர். தொடர்ந்த ஸ்மித் பரிசில் இருவரும் சமம் என அறிவிக்கப்பட்டது. 1855இல் டிரினிட்டி அவரைத் தன் உறுப்பினராக்கியது.

அரும்பாடுபட்டு எய்திய அவ்விடத்தை அவர் நெடுநாள் வகிக்கவில்லை. தந்தை நலிவுற்றிருந்தார். ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரிலுள்ள மாரிசல் கல்லூரியில் பேராசிரியர் பதவி ஒழிவாயிற்று எனக் கேட்டதும், கோடை முழுவதும் தந்தையோடு கழிக்கலாம் என்ற எண்ணத்தால் அதற்கு விண்ணப்பித்தார். மகனுக்கு அப்பதவி கிடைக்க வேண்டும் எனத் தந்தையும் முயன்றார். ஆனால் நியமன ஆணை வருமுன்னரே, 1856 ஏப்ரல் தொடக்கத்தில், தந்தை கிளென்லேரில் காலமானார். மகன் தனியே அபர்டீன் சென்றார்.

பின்னர் லண்டன் கிங்ஸ் கல்லூரியிற் பணியாற்றி, 1865இல் அதனை விடுத்துக் கிளென்லேரில் அமைதியாய் ஆய்ந்து எழுதிவந்தார். 1871இல் கேம்பிரிட்ஜ் அவரை மீண்டும் அழைத்தது; புதிதாக எழும் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தின் முதற் பேராசிரியர் அவரே. 1874இல் அக்கூடம் செயற்படத் தொடங்கியபோது, தேர்வுக்கென்றே மாணவரைப் பயிற்றும் அவ்வூரில் அவர் வேறொரு முறையைக் கையாண்டார். மாணவர் எந்தச் சோதனையைச் செய்ய விரும்பினும் தடுப்பதில்லை. தேடியது கிட்டாவிடினும் வேறொன்று கிட்டக்கூடும் என்பது அவர் எண்ணம். எடின்பரோவில் ஃபோர்ப்ஸ் பதினாறு வயதுச் சிறுவனுக்குத் தம் கருவிகளைத் திறந்துவைத்த முறையும் இதுவே அன்றோ!

1879 நவம்பர் 5ஆம் நாள், தாயாரைக் கொண்ட அதே நோயால், ஏறத்தாழ அவருடைய வயதிலேயே, மாக்ஸ்வெல் கேம்பிரிட்ஜில் மறைந்தார். அவர்தம் உடல் ஸ்காட்லாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, கிளென்லேருக்கு அருகிலுள்ள பார்ட்டன் என்னும் சிற்றூரில் பெற்றோருடன் அடக்கம் செய்யப்பட்டது.