புகையை வேலைக்கு அனுப்பியவர் – ஆல்ஃபிரட் பூக்கி



லாரி, பஸ், கார் இவற்றின் பின்பக்கம் ‘டர்போ’ என்று எழுதியிருப்பதை நாம எல்லாரும் பார்த்திருப்போம். வேகமாப் போகும் வண்டி என்று நினைத்துக்கொண்டு அப்படியே விட்டுவிடுவோம். அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் 20 வருடம் விடாமல் உழைத்த ஒரு மனிதர் இருக்கிறார். அவர்தான் ஆல்ஃபிரட் பூக்கி. இந்த வாரம் அவரைப் பற்றித் தெரிந்துகொள்வோமா?

பிறப்பும் படிப்பும்

பூக்கி 1879-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் தேதி சுவிட்சர்லாந்து நாட்டில் விண்டர்தூர் என்ற ஊரில் பிறந்தார். விண்டர்தூர் ஒரு தொழில் நகரம். சுல்சர் என்ற பெரிய இயந்திரத் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. அவருடைய அப்பாவும் அந்தத் தொழிற்சாலையில் உயர்ந்த பொறுப்பில் இருந்தவர். அதனால் சின்ன வயசிலிருந்தே இன்ஜின் சத்தம் அவருக்குப் பழக்கம். ஜூரிச் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் படித்து 1903-இல் பட்டம் பெற்றார். பிறகு பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் வேலை பார்த்தார்.

வீணாகப் போகும் வெப்பம்

இன்ஜினில் நாம் ஊற்றும் எரிபொருளின் சக்தி முழுவதும் சக்கரத்துக்குப் போவதில்லை. பெரும் பங்கு வெப்பமாகவே போய்விடுகிறது. அதில் கொஞ்சம் குளிர்விக்கும் தண்ணீரில் போகும். சுமார் மூன்றில் ஒரு பங்கு புகையோடு சேர்ந்து சைலன்ஸர் வழியாக வெளியே போய்விடும். காசு கொடுத்து வாங்கிய எரிபொருள் இப்படிக் காற்றில் போகலாமா? பூக்கியின் மனதில் எழுந்த கேள்வி இதுதான்.

அவர் ஒரு வழி யோசித்தார். வெளியே போகும் புகையின் வழியில் ஒரு காற்றாடிச் சக்கரத்தை வைப்போம். அதன் பெயர் டர்பைன். புகை அதைச் சுழற்றும். டர்பைன் இன்னொரு சக்கரத்தைச் சுழற்றும். அது வெளிக்காற்றை அழுத்தி சிலிண்டருக்குள் திணிக்கும். காற்று அதிகம் போனால் எரிபொருளையும் அதிகம் எரிக்கலாம். அதே அளவு இன்ஜினில் அதிக சக்தி கிடைக்கும்! இந்த யோசனைக்கு 1905 நவம்பர் 16-ஆம் தேதியிட்டு ஜெர்மனியில் காப்புரிமை பெற்றார். அப்போது அவருக்கு வயது 26தான்.

தோல்விகள்

காகிதத்தில் சரியாக வந்தது, இரும்பில் வரவில்லை. சுவிட்சர்லாந்து திரும்பி சுல்சர் தொழிற்சாலையில் சேர்ந்தார். 1911-இல் விண்டர்தூரில் ஒரு சோதனை நிலையம் தொடங்கினார்கள். 1915-இல் டர்போ பொருத்திய முதல் மாதிரி இன்ஜின் தயாரானது. ஓட்டிப் பார்த்தால், காற்றின் அழுத்தம் நிலையாக நிற்கவில்லை. அந்தக் காலத்து டர்பைன்களும் அழுத்திகளும் திறன் குறைந்தவை. வெப்பத்தைத் தாங்கும் உலோகமும் அப்போது சரியாக வரவில்லை.

இதற்கிடையே மற்றவர்களும் முந்தத் தொடங்கினார்கள். 1918-இல் அமெரிக்காவில் சான்ஃபோர்டு மாஸ் என்பவர் ஒரு விமான இன்ஜினில் டர்போவைப் பொருத்தி, 14,000 அடிக்கு மேல் உயரமான பைக்ஸ் பீக் மலை உச்சியில் வைத்துச் சோதித்துக் காட்டினார். பூக்கியோ இன்னும் டீசல் இன்ஜினோடு போராடிக்கொண்டிருந்தார். வேறு யாராக இருந்தாலும் போதும்டா சாமி என்று விட்டிருப்பார்கள். அவர் விடவில்லை.

கேம் ஷாஃப்டில் இருந்த விடை

இப்போதுதான் கதையின் முக்கியமான இடம் வருகிறது, கவனமாகப் படியுங்கள்.

சிலிண்டருக்கு இரண்டு கதவுகள் உண்டு. காற்று உள்ளே வர ஒரு வால்வு, புகை வெளியே போக ஒரு வால்வு. இவற்றைத் திறந்து மூடுவது கேம் ஷாஃப்ட் என்ற தண்டு. கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் இது ஒரு சுற்று சுற்றும். எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும் என்பதை இந்தத் தண்டில் உள்ள மேடுகளே தீர்மானிக்கும். அதைத்தான் மெக்கானிக்குகள் டைமிங் என்கிறார்கள்.

புகை வால்வு மூடுவதற்கு முன்பே காற்று வால்வு திறந்துவிட்டால், சிறிது நேரம் இரண்டு கதவுகளும் திறந்திருக்கும். சாதாரண இன்ஜினில் இந்த நேரம் குறைவு. பூக்கி இதை நிறைய நீட்டினார். ஏன் தெரியுமா? ஒரு அறையில் இரண்டு ஜன்னலையும் திறந்து வைத்தால் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும் இல்லையா? அதே மாதிரி, டர்போ தள்ளும் புதுக்காற்று சிலிண்டரில் தங்கிய பழைய புகையைத் துடைத்து வெளியே தள்ளும். போகிற போக்கில் பிஸ்டனையும் வால்வையும் டர்பைனையும் குளிர வைக்கும். டீசல் இன்ஜினில் அந்த நேரத்தில் உள்ளே இருப்பது வெறும் காற்றுதான். எண்ணெய் பிறகுதான் பீய்ச்சப்படுகிறது. அதனால் எரிபொருள் நஷ்டமும் இல்லை.

ஆனால் ஒரு சிக்கல். புகைக் குழாயில் அழுத்தம் அதிகமாக இருந்தால், புகை திரும்பி உள்ளேயே வந்துவிடும்! பக்கத்து சிலிண்டர் அந்த நேரம் பார்த்துப் புகை விட்டால் அப்படித்தான் ஆகும். இதற்கும் வழி கண்டார். புகைக் குழாய்களைப் பிரித்தார். 6 சிலிண்டர் இன்ஜினில் எரியும் வரிசை 1-5-3-6-2-4 என்றால், 1, 2, 3-க்கு ஒரு குழாய். 4, 5, 6-க்கு ஒரு குழாய். ஒரே குழாயில் இரண்டு புகைகளுக்கு நடுவே 240 டிகிரி இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளியில் அழுத்தம் இறங்கும், புதுக்காற்று தாராளமாகப் பாயும். இந்த முறைக்கு 1925-இல் தன் சொந்தப் பெயரில் காப்புரிமை பெற்றார். முதல் காப்புரிமைக்கும் இதற்கும் நடுவே 20 வருடம்!

வெற்றி

1926-இல் பிராய்சன், ஹான்சஸ்டாட் டான்சிக் என்ற இரண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்கள் ஓடத் தொடங்கின. அவற்றில் இருந்தவை 10 சிலிண்டர் டீசல் இன்ஜின்கள். டர்போ பொருத்தியதும் 1,750 குதிரைத்திறன் 2,500 ஆக உயர்ந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 40 சதவீதத்துக்கும் மேல்! அதே ஆண்டு பிரௌன் போவெரி, விண்டர்தூர் ரயில் இன்ஜின் தொழிற்சாலை ஆகிய நிறுவனங்களோடு சேர்ந்து பூக்கி சிண்டிகேட் என்ற கூட்டமைப்பு உருவானது. கப்பல், ரயில், மின் நிலையம் என்று டர்போ பரவியது. 1938-இல் சுவிட்சர்லாந்தின் சௌரர் நிறுவனம் லாரி இன்ஜினுக்கும் டர்போ கொண்டுவந்தது.

பூக்கி 1959 அக்டோபர் 27-இல் தன் 80-வது வயதில் பிறந்த ஊரிலேயே காலமானார். அடுத்த மூன்றே வருடத்தில், 1962-இல், ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், செவ்ரலே கார்வேர் ஆகிய அமெரிக்கக் கார்களில் டர்போ வந்துவிட்டது. பாவம், அதைப் பார்க்க அவர் இல்லை.

இன்றைய கார்களில்

கார்களில் இதே விஷயத்தைக் கவனமாகச் செய்ய வேண்டும். சிறிய டர்பைன் உள்ள பெட்ரோல் காரை முழு வேகத்தில் ஓட்டினால், புகைக் குழாயின் அழுத்தம் உள்ளே வரும் காற்றின் அழுத்தத்தைவிட அதிகமாகிவிடலாம். அப்போது இரண்டு வால்வும் ஒன்றாகத் திறந்திருந்தால் சூடான புகை உள்ளே திரும்பும், சக்தி குறையும். குறைந்த வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது பெரும்பாலும் நிலைமை வேறு. இரண்டும் ஒன்றாகத் திறந்திருப்பது அப்போது நன்மை தரும். அதனால்தான் பல கார்களில் ஓடும்போதே கேம் ஷாஃப்டை முன்னும் பின்னும் சில டிகிரி திருப்பும் அமைப்பு வைத்திருக்கிறார்கள். டர்போவைப் பொருத்தினால் மட்டும் போதாது, கதவு திறக்கும் நேரமும் சரியாக இருக்க வேண்டும்.

நண்பர்களே, பூக்கியின் யோசனை முதல் நாளிலிருந்தே நல்ல யோசனைதான். ஆனாலும் குறை எங்கே என்று பொறுமையாகத் தேடிக் கண்டுபிடித்த பிறகே அது பலன் தந்தது. நமக்கும் ஒரு கணக்கு முதல் தடவை வரவில்லை என்றால் நோட்டை மூடிவிட வேண்டாம். எந்த வரியில் தவறு என்று தேடுவோம்!

யோசிக்க ஒரு கேள்வி: 4 சிலிண்டர் இன்ஜினில் எரியும் வரிசை 1-3-4-2. இரண்டு புகைக் குழாய்கள்தான் இருக்கின்றன. எந்தெந்த சிலிண்டர்களை ஒன்றாகச் சேர்ப்பீர்கள்?

(விடை: 1-உம் 4-உம் ஒரு குழாய், 2-உம் 3-உம் இன்னொரு குழாய். ஏன் என்று நண்பருக்கு விளக்குங்கள் பார்க்கலாம்!)