சலீம் அலி கற்ற பெர்லின் பாடம்

பரமத்தி வேலூர் அருகே காவிரிக் கரைத் தென்னந்தோப்பில் எடுத்த மரங்கொத்திப் படம் ஒன்றை நண்பர் எனக்கு அனுப்பியிருந்தார். பொன்னிறமாக இருக்க வேண்டிய முதுகில் செம்மை படர்ந்திருந்தது. அபூர்வக் கலப்பினம் என்று அறிவித்துவிடலாமா என்பது அவர் கேள்வி. எனக்குச் சலீம் அலி நினைவுக்கு வந்தார்.

1896 நவம்பர் 12 அன்று மும்பையில் பிறந்த அவர், இளமையிலேயே பெற்றோரை இழந்து தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். சிறுவனாக அவர் சுட்டு வீழ்த்திய குருவியின் கழுத்தில் மஞ்சள் தெரிந்தது. அது என்ன பறவை என்ற வினாவே அவரை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேற வைத்தது. பின்னாளில் பர்மாவில் செய்த வணிகம் கைகொடுக்கவில்லை. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத அவர், 1929இல் பெர்லின் சென்று எர்வின் ஸ்ட்ரெஸ்மனிடம் பறவையியல் பயின்றார்.

நியூகினியின் சொர்க்கப் பறவைகளில் பல இனங்கள், அருங்காட்சியகத்திலிருந்த ஒன்றிரண்டு தோல்களை மட்டும் கொண்டு பெயரிடப்பட்டிருந்தன. அவற்றின் இறகுகளை ஒப்பிட்ட ஸ்ட்ரெஸ்மன், அவற்றுள் பல, இரு வேறு இனங்கள் இயற்கையில் கூடிப் பிறந்த கலப்புப் பறவைகளே என்று 1930இல் விளக்கினார். புதுமையைக் கண்டதும் பெயரிட விரையாத அந்த ஆசானிடம் பயின்றவர் சலீம் அலி.

தாயகம் திரும்பியபோது, முன்பு வகித்த அருங்காட்சியகப் பணியும் இல்லை. மனைவி தெஹ்மினாவுடன் கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் தங்கி, தூக்கணாங்குருவிகளைப் பொறுமையாகக் கவனித்தார். ஓர் ஆண்குருவி பல கூடுகள் கட்டி, ஒன்றன்பின் ஒன்றாகப் பல பெட்டைகளுடன் இணைவதை விளக்கினார். ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் களத்தில் ஆராய்ந்தார். 1939இல் தெஹ்மினா மறைந்தார், பணி நிற்கவில்லை. 1941இல் இந்தியப் பறவைகள் குறித்த நூலும், பின்னர் டில்லன் ரிப்ளேயுடன் பத்துத் தொகுதிகளும் வெளிவந்தன. 1976இல் பத்ம விபூஷண் பெற்ற அவர், 1987 ஜூன் 20 அன்று காலமானார். கோவை ஆனைகட்டியில் அவர் பெயரால் ஆய்வு மையம் இயங்குகிறது.

நண்பரின் ஐயத்துக்கு இவ்வாழ்விலேயே விடை உண்டு. பொன்முதுகு மரங்கொத்தியும் செம்முதுகு மரங்கொத்தியும் கலந்து பிறந்த பறவைகள் இலங்கையில் உண்மையாகவே வாழ்கின்றன. ஆனால் செம்முதுகுப் பறவை அத்தீவுக்கே உரியது. நாமக்கல் தோப்பில் கலப்பதற்கு இணை ஏது? படம் எடுத்ததோ அந்தி வெயிலில். காலையில் மீண்டும் சென்று பாருங்கள் என்றேன். ஒரு பிழையான பதிவு, பின்வரும் ஆய்வாளர்களைப் பல்லாண்டுகள் திசைதிருப்பக்கூடும். நொடியில் உலகுக்கு அறிவிக்கும் கருவி நம் கையில் இருக்கிறது. அவரிடம் இருந்த பொறுமையும் நமக்கு வேண்டும்.