தோல்வியில் கற்ற ஆசான்

போர்க்களத்திற்கே அன்றி ஆடுகளத்திற்கும் அணிவகுப்பு இன்றியமையாதது. இவ்வுண்மையை இந்தியக் கால்பந்து உலகிற்கு உணர்த்தியவர் சையது அப்துல் ரகீம் ஆவார்.

இவர் 1909ஆம் ஆண்டு ஐதராபாத்தில் பிறந்தார். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். 1950இல் இந்திய அணியின் பயிற்சியாளரானார். அடுத்த ஆண்டே தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் அணி தங்கப் பதக்கம் வென்றது.

ஆயின், 1952இல் எல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோசுலாவியா நம் அணியை 10க்கு 1 என்ற கணக்கில் வீழ்த்தியது. காரணம் யாது? நம் வீரருள் பலர் வெறுங்காலுடன் ஆடினர். அதனினும் பெருங்குறை அணிவகுப்பில் இருந்தது. இலக்கைக் காக்கும் பின்காவலர் இருவரே. எளிய எதிரிகளிடம் இக்குறை புலப்படாது. வல்லவரோ களத்தின் இருபுறமும் பரவி அவ்விருவரையும் விலகச் செய்வர். நடுவே வழி திறக்கும்.

ரகீம் அத்தோல்வியைப் பாடமாகக் கொண்டார். பின்காவலரை மூவராக்கினார், பின்னாளில் நால்வரை நிறுத்தும் முறையையும் கையாண்டார். 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நம் அணி ஆசுத்திரேலியாவை 4க்கு 2 என வென்று, முடிவில் நான்காம் இடம் எய்தியது. புற்றுநோய் உடலை வாட்டிய காலத்தும் அவர் கடமையினின்று வழுவவில்லை. 1962இல் சகார்த்தாவில் தென் கொரியாவை 2க்கு 1 என வென்று நம் அணி மீண்டும் தங்கம் பெற்றது. மறு ஆண்டே அவர் மறைந்தார்.

சேலம், நாமக்கல் சமவெளிப் பள்ளிகளில் பந்தாடும் மாணவர் இதனை நினைவிற் கொள்க. வலியாரிடம் தோற்றவிடத்துக் கால்களை மட்டும் நோவாது, நின்ற இடங்களையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.