சேர். பொன். இராமநாதனும் தலைவரின் வயதெல்லையும்

சென்ற தவணையின் இறுதியில் எங்கள் உடையார்கட்டுப் பிள்ளைகள் சொற்போர் ஒன்று நடத்தினர். அரசியல் தலைவர்க்கு வயதில் மேலெல்லை வேண்டுமா என்பது பொருள். வேண்டும் என வாதிட்ட அணியின் தலைவி, ஆசிரியர் 60 வயதில் இளைப்பாறுகின்றார், உயர்நீதிமன்ற நீதியரசர் 65 வயதில் பதவியை விட்டிறங்குகின்றார், நாடாளுமன்ற உறுப்பினர்க்கு மட்டும் எல்லை இல்லாதிருப்பது ஏன் என்று வினவினாள். நடுவராயிருந்த நான் அன்று தீர்ப்புக் கூறினேனல்லேன். அறுபதை அண்மித்துக்கொண்டிருக்கும் ஒருவன் உடனே கூறும் தீர்ப்பிலே தன்னலம் கலந்துவிடக் கூடுமன்றோ? வீடு திரும்பி எண்ணமிட்டபோது, இவ்வினாவை உரைத்துப் பார்ப்பதற்கு உரைகல்லாக என் நினைவில் எழுந்தது சேர். பொன்னம்பலம் இராமநாதன் அவர்களின் வாழ்வு.

இராமநாதன் 1851ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் கொழும்பிலே பிறந்தார். அவருடைய தாய்மாமனாராகிய சேர். முத்துக்குமாரசுவாமி 1879 இல் மறைய, அவர் வகித்த இடத்திற்குச் சட்டநிரூபண சபையின் தமிழர் பிரதிநிதியாக இராமநாதன் நியமனம் பெற்றார். அப்பொழுது அவருக்கு வயது 28. பதின்மூன்று ஆண்டுகள் அங்கிருந்தபின், 1892 முதல் 1906 வரை சொலிசிற்றர் ஜெனரல் பதவியில் அமர்ந்தார். ஏறத்தாழ 55 வயதில் அப்பதவியினின்றும் இளைப்பாறினார். உத்தியோக உலகின் கணக்குப்படி அவருடைய பொதுவாழ்வு அங்ஙனமே முடிந்திருத்தல் வேண்டும். ஆயின், அவர் புகழின் பெரும்பகுதி அதன் பின்னரே விளைந்தது.

1911 இல் நாடு முழுவதிலும் உள்ள படித்த இலங்கையர்க்கென ஓர் உறுப்புரிமை வகுக்கப்பட்டது. சிங்களவரும் தமிழரும் ஒருங்கே வாக்களித்த அத்தேர்தலில் இராமநாதன் வென்றபோது அவருக்கு வயது 60. 1913 இல் மருதனார்மடத்திலே பெண்பிள்ளைகளுக்கென இராமநாதன் கல்லூரியை நிறுவினார். 1915 இல் சிங்கள முஸ்லிம் கலகம் மூண்டது. அரசாங்கம் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்து, சிங்களத் தலைவர் பலரைச் சிறையிலிட்டது. சிலரைச் சுட்டும் கொன்றது. வாய்திறக்கப் பலர் அஞ்சிய அவ்வேளையில், 64 வயதினரான இராமநாதன் சபையில் எழுந்து அரசின் கொடுமைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலத்திலே கடல் கடந்து இங்கிலாந்து சென்று முறையிட்டார். அவர் மீண்டபோது, சிங்களத் தலைவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, அவருடைய வண்டியைத் தாமே இழுத்துச் சென்றனர். கலகத்தில் இழப்புற்ற முஸ்லிம் மக்களின் துயர் அவர் வாதத்தில் உரிய இடம் பெறவில்லை என்னும் குறையும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. எனினும், 60 வயதே எல்லையென்று ஒரு சட்டம் இருந்திருப்பின், அநீதியைத் தட்டிக்கேட்ட அக்குரல் அன்று சபையில் ஒலித்திராது. அவர் தம்பியார் சேர். பொன். அருணாசலமும் 1913 இல் 60 வயதில் உத்தியோகத்தை விட்ட பின்னரே, 1919 இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவராயினார்.

இதுவரை கண்டது எல்லை வேண்டா என்பார்க்குச் சான்று. இனி வருவதோ மறுபக்கம். 1924 இல் வடபகுதியிலிருந்து தெரிவாகிய இராமநாதன், தம் எழுபதுகளிலும் சபையின் மூத்த சிங்கமாய் விளங்கினார். 1927 இல் வந்த டொனமூர் ஆணைக்குழு, இனவாரிப் பிரதிநிதித்துவத்தை ஒழித்து, ஆண் பெண் யாவர்க்கும் வாக்குரிமை வழங்கும்படி பரிந்துரைத்தது. அதுகாறும் வாக்குரிமை பெற்றிருந்தோர் குடித்தொகையில் நூற்றுக்கு நால்வர் அளவினரே. இராமநாதன் அத்திட்டத்தை முற்றாக எதிர்த்தார். சிறுபான்மையோர் பெரும்பான்மையின் எண்ணிக்கைக்குள் அமிழ்ந்துவிடுவர் என்பது அவர் அச்சங்களுள் ஒன்று. பின்வந்த வரலாறு அதனைப் பொய்யாக்கவில்லை. ஆயின் அவர் அதனோடு நின்றாரல்லர். பெண்களுக்கும், குலத்தாலும் கல்வியாலும் தாழ்த்தி வைக்கப்பட்டிருந்தோர்க்கும் வாக்களித்தல் தகாதென்றும் வாதிட்டார். பெண்களுக்குக் கல்லூரி கட்டியவரே அவ்வாறு வாதிட்டார். 1929 டிசெம்பரில் அத்திட்டம் 19க்கு 17 என இரண்டே வாக்குகளால் சபையில் நிறைவேறியது. அவர் அமைதியுற்றாரில்லை, 1930 இல், 79 வயதில், மீண்டும் இங்கிலாந்து சென்று முறையிட்டார். அவ்வாண்டு நவம்பர் 26ஆம் நாள் காலமானார். அடுத்த ஆண்டு ஜூனில் சர்வசன வாக்குரிமையின்கீழ் முதல் தேர்தல் நடந்தது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு தொகுதிகளும் அத்தேர்தலைப் புறக்கணித்தன. எங்கள் வன்னியைச் சேர்ந்த மன்னார் முல்லைத்தீவுத் தொகுதியோ வாக்களித்தது. முள்ளியவளையில் வாழ்ந்த என் அப்பாச்சி கையெழுத்திட அறியாதவர். அக்காலத் தேர்தல்களிலே வேட்பாளர் ஒவ்வொருவர்க்கும் ஒரு நிறப்பெட்டி இருந்ததையும், தாம் நிறத்தைப் பார்த்துச் சீட்டை இட்டதையும் அவர் முதுமையிலும் மகிழ்ந்து சொல்வார். இராமநாதன் வென்றிருப்பின் அம்மகிழ்ச்சி அவருக்கு வாய்த்திராது. அப்பெரியாரை வணங்கும் நான், இவ்விடத்தில் மட்டும் அப்பாச்சியின் பக்கமே நிற்கின்றேன்.

எல்லை 70 என வகுத்திருப்பின், 1915 இன் நன்மையும் கிட்டியிருக்கும். 1929 இன் பிழையும் நேர்ந்திராது என்று மாணவி கூறக்கூடும். கணக்குச் சரியே. ஆயினும், பிழைக்குக் காரணம் முதுமைதானா? அவர் அறிவு தளரவில்லை, நாவும் தளரவில்லை. மக்களைத் தாம் காக்கவேண்டிய பிள்ளைகளாகவே கண்ட உள்ளம் இளமையிலும் அவரிடம் இருந்தது. அவருக்காகப் பேசும் தகுதி படைத்தோர் அவரே என்றிருந்த காலம் மாறியபோது, அவர் மாறவில்லை. ஐயா, இனிப் போதும் என்று அவருக்குச் சொல்லியிருக்கக் கூடியவர்கள் யாவர்? என் அப்பாச்சி போன்றவர்களே. அவர்கள் கையில் வாக்கு இல்லை.

இன்று நம் கையில் அது இருக்கின்றது. மூத்த தலைவர் இரா. சம்பந்தன் அவர்களை 2020 இல், 87 வயதில், திருகோணமலை மக்கள் தெரிவுசெய்தனர். 2024 ஜூன் 30 இல் 91 வயதில் மறையும்வரை அவர் உறுப்பினராகவே இருந்தார். அத்தெரிவு சரியோ பிழையோ, அது மக்கள் செய்தது. வயதெல்லைச் சட்டம் கேட்பது, நாம் செய்யத் தயங்குவதைச் சட்டம் செய்யட்டும் என்று ஒதுங்குவதாகும். ஆதலின் வாக்காளர் தெரிவுக்கு வயதால் வேலியிடுதல் வேண்டா என்பதே என் தீர்ப்பு.

ஆயினும் மாணவியின் வாதத்தில் ஒரு பாதி வென்றது. கட்சிகள் முதியவர்களையே நிறுத்திவிட்டால் வாக்காளர் யாரைத் தெரிவர்? கத்தோலிக்கத் திருச்சபையிலே 80 வயது கடந்த கர்தினால்மார் பாப்பரசரைத் தெரிவுசெய்யும் வாக்கினை இழக்கின்றனர். அறிவுரை கூறும் உரிமையை இழப்பதில்லை. நம் கட்சிகளும் தலைமைப் பதவிக்கு இத்தகைய விதியொன்றைத் தாமே வகுத்துக்கொள்ளலாம். எங்கள் குளத்திற்குக் கட்டும் உண்டு, வானும் உண்டு. மாரி வெள்ளம் வான்வழியே பாய்வதனால் கட்டு உடையாது நிற்கின்றது.

இத்தீர்ப்பை வரும் தவணையில் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுவேன். மறுத்துரைக்க விரும்பும் மாணவிக்கு முதல் வாய்ப்பு உண்டு.