திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை

திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை (ஆகஸ்ட் 27, 1898 – டிசம்பர் 12, 1956) தமிழகத்தைச் சேர்ந்த நாதசுவரக் கலைஞர். தோடி இராக ஆலாபனைக்காகப் பெரிதும் அறியப்பட்டவர். நாதசுவரத்தின் ஒலியமைப்பிலும் நாதசுவரக் கலைஞர்களின் சமூக மதிப்பிலும் இவர் காலத்தில் ஏற்பட்ட மாற்றங்களில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு.

இளமை

இவரது இயற்பெயர் பாலசுப்பிரமணியம். பெற்றோர் குப்புசுவாமி பிள்ளை, கோவிந்தம்மாள். தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளையால் வளர்க்கப்பட்டார், டி. என். என்னும் முன்னெழுத்துகள் அவர் பெயரிலிருந்து வந்தவை. வயலின் மேதை திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யரிடம் முதலில் வாய்ப்பாட்டுப் பயின்றார். பிற்காலத்தில் இவரது நாதசுவரம் பாடுவது போலவே ஒலித்ததற்கு இப்பயிற்சியே அடிப்படை எனலாம். திருவாவடுதுறை ஆதீனத்தின் வித்துவானாகவும் விளங்கினார்.

கருவியும் அதன் கடினமும்

வாசிப்பதற்கு மிகக் கடினமான கருவிகளுள் நாதசுவரமும் ஒன்று. வீணையில் மெட்டுகளும் ஆர்மோனியத்தில் கட்டைகளும் சுரத்தானத்தைக் காட்டிக் கொடுக்கும். நாதசுவரத்தில் அத்தகைய துணை எதுவும் இல்லை. விரல்களால் மூடப்படும் துளைகள் ஏழு மட்டுமே. பன்னிரு சுரத்தானங்களையும் அவற்றுக்கிடையே அசையும் கமகங்களையும், துளையை எவ்வளவு திறப்பது, மூச்சை எவ்வளவு செலுத்துவது, சீவாளியை உதட்டால் எவ்வளவு அழுத்துவது என்ற மூன்றையும் ஒரே நேரத்தில் கட்டுப்படுத்தியே பெற வேண்டும். நாணலால் செய்யப்படும் சீவாளியோ ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப மாறக்கூடியது.

அக்காலத்தில் பெருவழக்கிலிருந்த திமிரி நாதசுவரம் குட்டையானது, சுருதி கூடியது. கோயில் ஊர்வலங்களில் தொலைவுக்குக் கேட்க அது ஏற்றது. ஆனால் அதில் சுத்த மத்திமம் தூய்மையாக அமையாது. பிரதி மத்திமமே இயல்பாக ஒலிக்கும். மூச்சையும் உதட்டையும் தளர்த்தித்தான் அதைச் சுத்த மத்திமத்துக்கு இறக்க வேண்டும். தோடியோ சுத்த மத்திம இராகம். அதன் காந்தாரம் மத்திமத்தைத் தொட்டுத் தொட்டு அசைவது. ஆகவே கருவி ஒத்துழைக்காத இடத்திலேயே இராகத்தின் உயிர் இருந்தது. அந்த இராகத்தையே மணிக்கணக்கில் விரித்து வாசித்துப் புகழ்பெற்றார் என்பதிலிருந்து இவரது மூச்சுக் கட்டுப்பாட்டை உணரலாம். இவரது தோடி இசைத்தட்டும் பெரும் வரவேற்பைப் பெற்றது.

பாரி நாதசுவரம்

குறையைத் தம் திறமையால் மறைப்பதோடு இவர் நின்றுவிடவில்லை. கருவி செய்வதில் வல்லவரான நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியுடன் இணைந்து, நீளம் கூடிய, சுருதி குறைந்த பாரி நாதசுவரத்தைச் செம்மைப்படுத்தினார். துளைகளின் அமைப்பு மாற்றப்பட்டதால் சுத்த மத்திமம் சரியாக ஒலித்தது. நீண்ட குழலில் துளைகளின் இடைவெளி கூடுதலாதலால் விரல்களை அகட்டி வைக்க வேண்டியிருந்தது. ஒரு கடினம் குறைந்து வேறொன்று கூடியது என்றே சொல்லலாம். எனினும் கச்சேரி மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் இதன் ஆழ்ந்த நாதம் பொருந்தியது. சுருதிக்கு ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவைப் பயன்படுத்தும் வழக்கத்தையும் மேற்கொண்டார்.

மேடையும் மதிப்பும்

நாதசுவரக் கலைஞர்கள் மேலாடையை இடுப்பில் கட்டிக்கொண்டு, நின்றபடி வாசிக்க வேண்டும் என்பதே அன்றைய வழக்கம். வாய்ப்பாட்டுக் கலைஞர்களுக்கு நிகராக மேடையில் அமர்ந்து வாசிப்பதை இவர் வலியுறுத்தினார். தலைமுடியைக் கத்தரித்துக் கொண்டு, சட்டையும் கோட்டும் அணிந்து தோன்றினார். இதைச் செருக்கு எனக் கருதியவர்களும் உண்டு. ஒப்புக்கொண்ட கச்சேரிகளுக்கு வராமல் போவது, குடிப்பழக்கம் ஆகியவை இவர்மீது எழுந்த குறைகள். அவற்றில் உண்மையும் இருந்தது. ஆனால் அமர்ந்து வாசிக்கும் உரிமை இவரோடு நில்லாமல் இவருக்குப் பின் வந்த கலைஞர்களுக்கும் பயன்பட்டது.

1940 இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய காளமேகம் திரைப்படத்தில் புலவர் காளமேகமாக நடித்தார். 1947 இல் இந்திய விடுதலையை ஒட்டித் தில்லியில் நாதசுவரம் வாசித்தார். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவருக்குத் தவில் வாசித்த பெருங்கலைஞர்களுள் ஒருவர்.

மறைவு

1956 டிசம்பர் 12 அன்று காலமானார். இவரது மாணவர்களுள் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) பெரும்புகழ் பெற்றவர். பாரி நாதசுவரம் உருவான நரசிங்கம்பேட்டையின் நாதசுவரத்துக்கு 2022 இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.