கைகொடுத்த பெருமருத்துவர்

போர் முடிந்ததும் வெற்றிவிழா எடுப்பார் பலர். அப்போரில் கையையோ காலையோ இழந்து வீடு திரும்பும் வீரனை நினைப்பார் சிலரே. அவன் உடம்பிற்பட்ட புண் சில திங்களில் ஆறிவிடும். ஆனால், தச்சனாக இருந்தவன் வலக்கையின்றி எவ்வாறு இழைப்புளி பிடிப்பான்? உழவனாக இருந்தவன் ஒற்றைக் காலுடன் எவ்வாறு கழனியில் இறங்குவான்? புண் ஆறியபின் தொடங்கும் இத்துன்பத்தையும் தீர்ப்பதே மருத்துவரின் கடமை என்று கண்டு, அதனைச் செயலிலும் காட்டியவர் சர் இராபர்ட் ஜோன்ஸ் ஆவர்.

இவர் 1857ஆம் ஆண்டு சூன் திங்கள் 28ஆம் நாள், வேல்ஸ் நாட்டின் வடகரையிலுள்ள ரில் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் மருத்துவத் தொழிலைக் கைவிட்டு எழுத்துத் தொழிலை மேற்கொண்டவர். கலைமகள் உறைந்த அவ்வில்லத்தில் திருமகள் தங்கவில்லை. இலண்டன் மாநகரில் இளமையை வறுமையோடு கழித்த இராபர்ட், தம் பதினாறாம் அகவையில் லிவர்ப்பூல் நகருக்குச் சென்று, மாமன் முறையினராகிய ஹியூ ஓவன் தாமஸ் என்னும் மருத்துவரிடம் தங்கிப் பயின்றார்.

தாமஸ், எலும்பு முறிவுக்கு வழிவழியாகக் கட்டுக் கட்டிவந்த குடும்பத்திற் தோன்றி, மருத்துவக் கல்வியையும் முறையாகப் பெற்றவர். ஞாயிறுதோறும் அவர் ஏழைகளுக்கு ஊதியம் பெறாமல் மருத்துவம் செய்வார். முறிந்த உறுப்புக்கு அசைவற்ற ஓய்வு தந்தால் பெரும்பாலும் அதனைக் காக்கலாம். வெட்டி நீக்க விரைதல் கூடாது என்பது அவர் கொள்கை. முறிந்த காலை அசையாது தாங்குதற்கு இரும்பு வளையமும் கம்பிகளும் கொண்ட கருவியொன்றையும் அவர் செய்தார். ஆசிரியர் கடுஞ்சொல்லர், மாணவரோ இன்சொல்லர். ஆசிரியரின் அறிவையும் அருளையும் பெற்றுக்கொண்ட இராபர்ட், அவர் சினத்தை மட்டும் பெற்றாரல்லர்.

1888ஆம் ஆண்டு, மான்செஸ்டர் நகரைக் கடலோடு இணைக்கும் கப்பற்கால்வாய்ப் பணிக்கு இராபர்ட் தலைமை மருத்துவராக அமர்த்தப்பெற்றார். ஏறத்தாழ 36 மைல் நீளமுள்ள அக்கால்வாயைப் பல்லாயிரவர் வெட்டினர். மண் சரிந்தும் பொறிகளில் அகப்பட்டும் நாள்தோறும் தொழிலாளர் காயமுற்றனர். இராபர்ட் கால்வாய்க் கரையில் மூன்று மருத்துவமனைகளையும், இடையிடையே முதலுதவி நிலையங்களையும் அமைத்தார். அடிபட்டவனுக்கு அடிபட்ட இடத்திலேயே உதவி தொடங்கவேண்டும் என்பதனை அவர் அங்கே நன்கு உணர்ந்தார்.

1914ஆம் ஆண்டு முதல் உலகப்போர் மூண்டபோது அவருக்கு அகவை ஐம்பத்தேழு. போரின் தொடக்கத்தில், குண்டடியால் தொடையெலும்பு முறிந்த வீரர் நூற்றுவருள் ஏறத்தாழ எண்பதின்மர் மாண்டனர் என்பர். காலை அசையாது நிறுத்தாமல் தூக்கிச் சென்றமை அதற்கு ஒரு பெருங்காரணம். தாமஸ் உயிரோடிருந்த நாளில் பலரால் போற்றப்படாத அவருடைய கருவியைப் போர்க்களத்தில் வழங்குமாறு இராபர்ட் வற்புறுத்தினார். காயமுற்றோரைச் சுமப்பவர்க்கும் அதனைக் கட்டும் முறை கற்பிக்கப்பட்டது. போர் முடிவதற்குள் அச்சாவுத்தொகை நூற்றுக்கு இருபது அளவிற்குக் குறைந்தது.

உயிர் பிழைத்தால் போதுமா? வாழவும் வேண்டுமன்றோ! 1916ஆம் ஆண்டு இலண்டனில் ஷெப்பர்ட்ஸ் புஷ் என்னுமிடத்தில் இராபர்ட்டின் முயற்சியால் படைவீரர்க்கான முடநீக்கியல் மருத்துவமனை எழுந்தது. அதனுள்ளே தச்சுப்பட்டறையும், கொல்லுலையும், தோல் தைக்கும் சாலையும் அமைந்தன. கணுக்கால் மடங்காதவன் மிதித்து ஓட்டும் வாளால் பலகை அறுப்பான். தோள் அசையாதவன் இழைப்புளி தள்ளுவான். உறுப்பும் இயங்கும், கைத்தொழிலும் வரும், நெஞ்சின் சோர்வும் நீங்கும். 1910ஆம் ஆண்டு அரியணை இழந்து இங்கிலாந்தில் வாழ்ந்த போர்ச்சுகல் மன்னர் மானுவேல், இப்பட்டறைகளை நிறுவ இராபர்ட்டுக்குப் பெருந்துணையாய் நின்றார். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுவோர் என மருத்துவத்திற்கு நான்கு கூறுகள் வகுத்தார் திருவள்ளுவர். இராபர்ட் அவற்றோடு உழைப்பையும் ஒரு கூறாகச் சேர்த்தார் எனலாம்.

அப்போரில் பிரிட்டன் படையினருள் 41,000 பேருக்கு மேற்பட்டோர் கையையோ காலையோ இழந்தனர். அவர்க்குச் செயற்கை உறுப்புப் பொருத்தும் மருத்துவமனை ரோஹாம்ப்டனில் 1915ஆம் ஆண்டு தொடங்கியது. இராபர்ட்டின் திட்டத்தைத் தழுவிய முடநீக்கியல் நிலையங்கள் பல நகரங்களில் தோன்றின. அயர்லாந்தில் டப்ளினை அடுத்த பிளாக்ராக்கில் ஒன்று அமைந்தது. ஏறத்தாழ 2,00,000 அயர்லாந்து வீரர் அப்போரிற் பங்குகொண்டிருந்தனர். அவர்கள் களத்தில் இருந்தபோதே, 1916ஆம் ஆண்டு, அவர்தம் நாட்டில் பிரிட்டன் ஆட்சியை எதிர்த்துக் கிளர்ச்சி எழுந்தது; 1919 முதல் 1921 வரை விடுதலைப்போர் நடந்தது. பிரிட்டன் படையிற் பணிபுரிந்து திரும்பியோரை ஊரார் பலர் ஐயத்தோடு நோக்கினர். உறுப்பை இழந்ததோடு ஊரின் மதிப்பையும் இழந்த அவ்வீரனுக்கு, இரக்கச்சொல்லினும் தொழிலே பெருந்துணை. தன் கையால் தன் உணவைத் தேடுபவன் எவர் முன்னும் தலைகுனிய வேண்டுவதில்லை அன்றோ!

போர் முடிந்த பின்னும் இராபர்ட் ஓய்ந்திருக்கவில்லை. வீரர்க்குப் பயன்பட்ட முறை உடற்குறையுற்ற சிறுவர்க்கும் பயன்படவேண்டும் என விரும்பி, 1919ஆம் ஆண்டு நண்பர் கேர்டில்ஸ்டனோடு சேர்ந்து நாடு முழுமைக்கும் ஏற்ற திட்டமொன்றை வகுத்தார். 1917ஆம் ஆண்டு சர் பட்டமும், 1926ஆம் ஆண்டு பாரனெட் என்னும் வழிவழிப் பட்டமும் அவரை வந்தடைந்தன. 1933ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 14ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். அவருடைய சாம்பல் லிவர்ப்பூல் பெருங்கோயிலில் வைக்கப்பெற்றது.

துன்புற்றார்க்குச் சோறிடுதல் அறம். அவரே சோறு தேடிக்கொள்ளும் ஆற்றலை மீட்டுத் தருதல் அதனினும் பெரிய அறம். இராபர்ட் ஜோன்ஸ் செய்தது அப்பேரறமாகும். உடற்குறையுற்ற ஒருவரைக் காணுங்கால், அவர் இழந்ததை எண்ணி இரங்குவதோடு நில்லாது, அவரிடம் எஞ்சி நிற்கும் ஆற்றலை அறிந்து அதற்கு வழி திறத்தல் நம் கடமையாகும்.